எனக்குத் தெரிந்த ஒரு தோழி

வஞ்சிக்கப்பட்டவள் நான், வினோலியா, பிரெஞ்சு முதுகலை இரண்டாம் ஆண்டு. வஞ்சித்தவன் பரிதி, இந்தத் திரைப்படக் கழகத்தின் செயலாளர், வருகிற புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் என்னோடு கையெழுத்துப் போடப்போகிறவன். வஞ்சித்த விதம், உலகத்தில் அவன் ஒருவனிடம் மட்டும் நான் சொல்லியிருந்த ஒன்றை, இதோ பத்து நிமிடத்துக்கு முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு எண்பது பேருக்குச் சொல்லிச் சிரிக்கவைத்தது. பெயர் சொல்லவில்லை. அதைத்தான் முதலில் எடுத்து வைப்பான், எனக்குத் தெரியும், நான் உன் பேரைச் சொன்னேனா வினோ என்பான், ஒரு புருவத்தை மட்டும் தூக்கி. சொல்லவில்லைதான். 'எனக்குத் தெரிந்த ஒரு தோழி' என்றான். திருச்சியில் பட்டப்படிப்பு படித்த தோழி என்றான். பிறகு பாண்டிச்சேரிக்கு வந்து பிரெஞ்சு படிக்கப் போய்விட்டாள், பாவம், தமிழில் காதலித்தது போதும் என்று நினைத்தாளோ என்னவோ என்றான். மூன்றாம் வரிசையில் என் வகுப்புப் பெண்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள். அப்புறம் விளக்கை அணைத்தார்கள், படம் ஆரம்பித்துவிட்டது. எழுந்து போக முடியாது. போனால் இந்த எண்பது பேருக்கும் படம் புரியாது, ஏனென்றால் அவர்கள் படிக்க வேண்டிய தமிழ் என் வலது கை ஆள்காட்டி விரலில் இருக்கிறது.

வந்திருக்கும் படப் பிரதியில் அடியில் எந்த எழுத்தும் கிடையாது, வெறும் பிரெஞ்சு. அதனால் திரைக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைத் துணி கட்டி, இன்னொரு சின்ன புரொஜெக்டரால் அதில் தமிழ் வரிகளை விழவைக்கிறோம். ஆயிரத்து நூற்று நாற்பது வரி. மூன்று வாரம் தூங்காமல் நான் மொழிபெயர்த்தது. ஒவ்வொரு வரிக்கும் மடிக்கணினியில் அம்புக்குறியை ஒரு தடவை அழுத்த வேண்டும். முந்தி அழுத்தினால் நடிகன் வாயைத் திறப்பதற்குள் ஜனங்கள் படித்துச் சிரித்து முடித்துவிடுவார்கள், பிந்தினால் அவன் வேடிக்கையைச் சொல்லிவிட்டு அனாதை மாதிரி நிற்பான். பக்கத்தில் உட்கார்ந்து பெரிய புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ளும் மார்ட்டின் அண்ணன்தான் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். "வாயப் பாக்காத பாப்பா, நெஞ்சப் பாரு. ஆளு மூச்ச இழுத்தான்னா அழுத்து." அதனால் இரண்டு வருடமாக நான் பிரெஞ்சுக்காரர்களின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதோ, ஜெரார் மூச்சு இழுக்கிறான். அழுத்து. 'எனக்குப் பொறாமை கிடையாது மிரேய், ஆர்வம் மட்டும்தான்.' வரி அறுபத்தொன்று. அரங்கம் சிரிக்கிறது. மிரேய்க்கு ஐம்பத்திரண்டு வயது, கடலோரச் சிற்றூரில் செருப்புத் தைக்கும் கடை வைத்திருப்பவள், ஜெரார் அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற வழக்கறிஞன், நவீன மனிதன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவனுக்கு ஒரு யோசனை வருகிறது, நீ இதற்கு முன் காதலித்த மூன்று பேரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவோம், எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம், ஒளிக்க என்ன இருக்கிறது. ஒளிக்க என்ன இருக்கிறது. இந்த வரியை மொழிபெயர்த்தபோது பரிதி என் தோளுக்குப் பின்னால் நின்று, அடடா, இது நம்ம வசனம் மாதிரியே இருக்கே என்றான். நான் பூரித்துப்போனேன். சே, பூரித்தேன். முன்னாள் காதலர் என்று எழுதினால் முன்னாள் எம்.எல்.ஏ. மாதிரி இருக்கிறது, சால்வை போர்த்த வேண்டும்போலத் தோன்றுகிறது என்று நான் சொல்ல, அவன் விழுந்து விழுந்து சிரித்தான், கடைசியில் 'எக்ஸ்' என்றே போட்டோம், தெருவில் அப்படித்தானே சொல்கிறார்கள். அழுத்து. முதல் எக்ஸ் வேனிலிருந்து இறங்குகிறான். மழை தொடங்குகிறது.

பத்தொன்பது வயதில் எனக்கு ஆல்வின். அவன் இரண்டாம் வருட முடிவில் படிப்பை விட்டுவிட்டுக் குருமடத்தில் சேர்ந்துவிட்டான், சாமியாராகப் போகிறேன் என்று ஒரு நண்பன் மூலம் சொல்லி அனுப்பினான், நேரில் ஒரு வார்த்தை இல்லை. கடவுளோடு போட்டி போட நான் யார், ஆனால் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் இல்லையா, அதைக் கேட்கத்தான் போனேன், வேறொன்றுக்கும் இல்லை, கையில் ஒரு கேன்வாஸ் ஷூ, ஒன்பதாம் நம்பர், அவனுடையது கிழிந்திருந்தது. குருமடத்து வாசலில் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தவர், குடும்பத்தார் மட்டும்தான் பார்க்கலாம், நீங்க யாரு என்றார். தங்கச்சி என்று எழுதினேன். அன்றைக்கு மாதாந்தரச் சந்திப்பு ஞாயிறு என்று எனக்கெப்படித் தெரியும். அரை மணி நேரத்தில் அவன் அம்மாவும் நிஜத் தங்கச்சியும் வந்து இறங்கினார்கள். இதுவரைக்கும்தான் பரிதி சொன்னான். நோட்டுக்காரர் குரலில் பேசிக் காட்டினான், "ஏற்கெனவே ஒரு தங்கச்சி உள்ள இருக்காங்களேம்மா!" அரங்கம் அதிர்ந்தது. என் ஷூ டப்பாவை நான் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றதைக்கூட மைக் கம்பியை அணைத்துச் செய்து காட்டினான், அது எப்படி அவ்வளவு சரியாக வந்தது, நான் அவனுக்கு அப்படிச் செய்து காட்டியிருந்தேன், அதனால்தான். பிறகு ஒரு நிமிடம் இடைவெளி விட்டான், அவனுக்குத் தெரியும் எங்கே விட வேண்டும் என்று, குரலை இறக்கி, "நண்பர்களே, காதலில் நாம் எல்லாருமே யாரோ ஒருவருடைய பொய்த் தங்கச்சிதான்" என்றான். கைத்தட்டல். என் கையும் தட்டியதோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பழக்கத்தில் தட்டியிருக்கும். அழுத்து. 'என் கத்தரிக்கோலை இன்னும் நீதான் வைத்திருக்கிறாயா?' வரி இருநூற்று எட்டு.

அவன் சொல்லாமல் விட்டது இது. ஆல்வினின் அம்மா நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், பிறகு நோட்டுக்காரரிடம், "ஆமாய்யா, எனக்கு ரெண்டு பொண்ணு, பெரியவ முன்னாடியே வந்துட்டா" என்றார். மகனுக்கென்று கட்டிக்கொண்டு வந்திருந்த சோற்றையும் கறிப் பிரட்டலையும் முதலில் எனக்குத்தான் இலையில் வைத்தார். ஆல்வின் வெளியே வந்து என்னைக் கண்டதும் தரையைப் பார்த்துக்கொண்டு "வாங்க" என்றான். வாங்க. வா என்று சொல்லிக்கொண்டிருந்தவன். நான் கேட்கப் போன ஒரு வார்த்தை அதுதான்போல, கிடைத்துவிட்டது. அந்த அம்மா பஸ் நிறுத்தம்வரை கூட நடந்து வந்தார், "ஷூவ நான் குடுத்துடறேன், நீ பஸ்ல அழாத, நாலு பேர் பாப்பாங்க, வீட்டுக்குப் போய் அழு" என்றார். பெயர்கூடக் கேட்கவில்லை. இந்தப் பாதியைப் பரிதி மறந்துவிட்டான் என்று சொல்லவே முடியாது. போன வருடம் கடற்கரைச் சாலைப் பாறைகளில் உட்கார்ந்து நான் இதைச் சொன்னபோது அழுதது நான் இல்லை, அவன். எனக்கு அந்த அம்மாவைப் பார்க்கணும் வினோ, நம்ம கல்யாணத்துக்குக் கூப்பிடலாமா என்றான். அந்தக் கண்ணீர் பொய் என்று என்னால் நிரூபிக்க முடிந்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும். பொய் இல்லை. நிஜமாகவே அழுதான், நிஜமாகவே ஞாபகம் வைத்திருந்தான், நிஜமாகவே இன்றைக்கு அதை வெட்டி எறிந்தான், ஏனென்றால் அந்தப் பாதியில் சிரிப்பு இல்லை, அறிமுகவுரைக்கு ஐந்து நிமிடம்தான். ஐந்து நிமிடம்தானே வினோ என்பான். அதையும் சொல்வான்.

"பாப்பா." மார்ட்டின் அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். வேண்டாம் என்று தலையசைக்கிறேன். அவர் புதன்கிழமைச் சாட்சிகளில் ஒருவர், அதற்கென்று எலுமிச்சை நிறத்தில் சட்டை தைத்து வைத்திருக்கிறார், "எனக்கே கல்யாணம் மாதிரி இருக்கு பாப்பா" என்று நேற்றுச் சொன்னார். பதிவு அலுவலகப் பலகையில் முப்பது நாள் எங்கள் இரண்டு பேர் படமும் ஒட்டியிருந்தது, இன்னார் இன்னாரை மணக்கப்போகிறார், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று. மதம் வேறு, அதனால் சிறப்புத் திருமணச் சட்டப்படிதான் முடியும். அம்மா காரைக்காலிலிருந்து பஸ் ஏறி வந்து அந்தப் பலகை முன்னால் நின்றாள். ஆட்சேபணை எழுதிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நான் வாதத்தையெல்லாம் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். "போட்டோவுல ஏன்டி இப்படி முழிக்கிற" என்றாள். அவ்வளவுதான். பிறகு டீக்கடையில், "அவன் என்ன சாமி கும்பிடறான்னு நான் கேக்கல வினோ. அவன் ரொம்ப நல்லாப் பேசறான்டி." அதற்கு நான் மூன்று மணி நேரம் பதில் சொன்னேன். நன்றாகப் பேசுவது குற்றமா, உங்கள் தலைமுறை ஆம்பளைகள் வாயே திறக்காமல் உங்களை என்ன செய்தார்கள் என்று உனக்குத் தெரியாதா, அப்பா உன்னிடம் இருபது வருடத்தில் எத்தனை வாக்கியம் பேசினார் எண்ணிச் சொல் பார்ப்போம் என்றெல்லாம். அம்மா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். நான் ஜெயித்தேன். எந்த வாதத்திலும் நான் தோற்பதில்லை, பரிதியோடு தவிர.

இப்போது சமையலறைக் காட்சி. இதில் ஐம்பது நொடி வசனமே இல்லை, விரலுக்கு வேலை இல்லை. மிரேய் கையில் ஆப்பிள் கேக்கோடு சாப்பாட்டு அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள், அந்தப் பக்கம் நான்கு ஆண்களும் அவளைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள், நமக்குச் சொல் கேட்காது, சிரிப்பு மட்டும் கேட்கும், அவள் கை கதவின் மேல் இருக்கிறது. அந்தக் கையை மட்டும் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மொழிபெயர்க்கும்போது இந்த இடத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, வசனம் இல்லையே, ஓய்வு என்று நினைத்தேன். இப்போது அந்தக் கையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஏனென்றால் கதவுக்கு அந்தப் பக்கமும் நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன். சுகிர்தா. பரிதியின் எக்ஸ், எனக்கு முன்னால் இருந்தவள். தினமும் மத்தியானம் சாப்பிட்டாயா என்று செய்தி அனுப்புவாளாம், இவன் சாப்பிட்டேன் என்று சொன்னால்தான் அவள் சாப்பிடுவாளாம், ஒருநாள் விளையாட்டுக்கு நாலு மணிவரை இல்லை இல்லை என்றே இவன் அனுப்பிக்கொண்டிருக்க, அவள் நூலகத்தில் மயங்கி விழுந்துவிட்டாளாம், தெளிந்ததும் முதல் கேள்வி 'பரிதி சாப்டாச்சா'. அவள் குரலில் சொல்லிக் காட்டினான். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. விடுதிப் பெண்களைக் கூட்டிவைத்து, பரிதி, அந்தச் சாப்டாச்சா கதையைச் சொல்லு என்று நானே கேட்டு வாங்கினேன். எத்தனை தடவை, மூன்று, நான்கு. சுகிர்தா இன்று எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள், மயக்கம் தெளிந்தபோது யார் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், அந்தக் கதைக்கும் ஒரு சொல்லாத பாதி இருந்திருக்குமே, நான் கேட்டதே இல்லை. கேட்காததோடு நிற்கவில்லை, அதை நேர்மை என்று வேறு பெயர் வைத்தேன், பாருங்கள், பழசை ஒளிக்காத ஆண் என்று பெருமை பேசினேன். நான் இரக்கமில்லாதவள் இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ட்டின் அண்ணன் முதுகில் தட்டுகிறார். "பாப்பா, ஒண்ணு பின்னாடி இருக்க." நிமிர்ந்தால் காட்சி எப்போதோ மாறிவிட்டது, எல்லாரும் மேசையில், நான் எங்கேயோ ஒரு வரியை விட்டுவிட்டேன், ஒவ்வொரு வசனத்துக்கும் முந்தின வசனத்தின் தமிழ் கீழே விழுந்துகொண்டிருக்கிறது. மிரேய் 'கேக் வெட்டட்டுமா?' என்று கேட்கிறாள், கீழே துணியில் 'அவள் எதையும் மறக்கமாட்டாள், அதுதான் தொல்லை' என்று இருக்கிறது. முன்வரிசையில் முணுமுணுப்பு. யாரோ "எழுத்து, எழுத்து!" என்று கத்துகிறார். மேடையோரம் நிற்கும் பரிதி இருட்டில் என் பக்கம் திரும்பிக் கையால் என்ன என்று கேட்கிறான். அந்தக் கை அசைவில் கோபம் இல்லை, அக்கறைதான் இருக்கிறது, அதுதான் தாங்க முடியவில்லை. இரண்டு தடவை அழுத்துகிறேன். சரியாகிவிட்டது. எண்ணூற்று இருபது. இன்னும் முந்நூற்றுச் சொச்சம்.

இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், படத்திலும் சரி, வெளியிலும் சரி. படத்தில் மிரேய் கேக்கை வைத்துவிட்டு அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறாள். தன்னைப் பற்றித் தானே ஒரு வேடிக்கை சொல்கிறாள், நான்கு பேரும் மேசையைத் தட்டுகிறார்கள், மழை நிற்கிறது, தெருவில் ஆடுகிறார்கள், முடிந்தது. எனக்கு இந்தச் சிரிப்பில் நம்பிக்கை இல்லை என்று அன்றைக்கே சொன்னேன், அவளை வேறு வழியில்லாமல் சிரிக்கவைத்திருக்கிறார்கள், கதவைத் தள்ளிக்கொண்டு போய் அந்தக் கேக்கை அவன் மடியில் கொட்டியிருக்க வேண்டாமா என்றேன். பரிதி, அதற்குப் பெயர்தான் முதிர்ச்சி வினோ என்றான். இரண்டு மணி நேரம் சண்டை. தோற்றேன், தோற்றதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. வெளியிலும் அதேதான் நடக்கும். நான் மாடிப்படியில் அவனை நிறுத்தி, நீ ஏன் சொன்னாய் என்பேன். பெயர் சொல்லவில்லை என்பான். மூன்று பேர் திரும்பினார்கள் என்பேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, நீ அதற்காக வெட்கப்படுகிறாயா, அப்படியானால் தப்பு உன்னிடம் இல்லையா என்பான். பாதியை ஏன் விட்டாய் என்பேன். அங்கே அவன் நின்றுவிடுவான். முகம் மாறும். ஐயோ வினோ என்பான், படியில் உட்கார்ந்துவிடுவான், மன்னிப்புக் கேட்பான், அதையும் எவ்வளவு நன்றாகக் கேட்பான், கேட்கக் கேட்க எனக்கே அவன்மேல் பாவமாகிவிடும், நான் அவன் தலையைத் தடவிக்கொண்டு இருப்பேன். அழுதவன் அவன், தேற்றியவள் நான். புதன்கிழமை கையெழுத்து. வியாழக்கிழமை நாங்கள் வாடகைக்குப் பிடித்திருக்கும் மாடி அறை, நான் பார்த்துப் பார்த்து எடுத்த நீலத் திரைச்சீலை. பத்து வருடம் கழித்து இன்னோர் அரங்கில் இன்னொரு படத்துக்கு முன்னால், என் மனைவி ஒரு தடவை என்னிடம் இப்படிச் சண்டை போட்டாள் பாருங்கள் என்பான், மாடிப்படியையும் என் குரலையும் செய்து காட்டுவான், நான் கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பேன். அவனுக்குள் போகிற எதுவும் கதையாகாமல் வெளியே வராது. கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி, திட்டிவிட்டுப் போகலாம். நான் அவனை நேசிக்கிறேன், இந்த நிமிடமும், அந்தக் கை அசைவைக்கூட, இதற்கு என்ன வாதம் வைப்பது, யாரிடம் வைப்பது. அழுத்து. அழுத்து. அரங்கம் சிரிக்கிறது. அழுத்து. ஆயிரத்து நூற்று நாற்பது. 'மழை நின்றுவிட்டது.'

விளக்குகள் எரிகின்றன. கண் கூசுகிறது. கைத்தட்டல், நாற்காலிகள் இழுபடும் சத்தம், பரிதி மேடையேறி மைக்கை ஊதிப் பார்க்கிறான். மொழிபெயர்த்த வினோலியாவுக்கு ஒரு கைத்தட்டல் என்கிறான், தட்டுகிறார்கள், மூன்றாம் வரிசை கொஞ்சம் அதிகமாகவே தட்டுகிறது. கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றதும் எப்போதும்போலச் சவரிராயன் ஐயா எழுந்துகொள்கிறார். தபால்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு படமும் விடமாட்டார், அவர் கேள்வி கேட்காமல் கூட்டம் முடிந்ததில்லை. "தம்பி, படம் நல்ல படம், அது கெடக்கட்டும். நீங்க முன்னாடி சொன்னீங்களே அந்தப் பொண்ணு, பொய்த் தங்கச்சி, அது பாட்டுக்கு மனசுலயே நிக்குது. பாவம், அதுக்கு அப்புறம் கல்யாணம் கில்யாணம் ஆச்சா?" அரங்கம் சிரிக்கிறது. அவர் சிரிக்கவில்லை, நிஜமாகத்தான் கேட்கிறார். பரிதி எல்லாத் தலைகளுக்கும் மேலாக என்னைத் தேடிப் பார்த்து, எங்கள் இருவருக்கும் மட்டும் உள்ளது என்று நான் நம்பியிருந்த அந்தப் புன்னகையைச் சிரித்து, "ஆகப்போகுது ஐயா. இந்தப் புதன்கிழமை. மாப்பிள்ள ரொம்ப நல்ல பையன்னு கேள்வி" என்கிறான். தெரிந்தவர்கள் எல்லாம் ஓ என்று கூச்சலிடுகிறார்கள். யாரோ விசில் அடிக்கிறான். மார்ட்டின் அண்ணன் என் தோளைத் தட்டிப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். சவரிராயன் ஐயாவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை, பரிதியின் பார்வை போன வழியே மெதுவாகத் திரும்பி என்னைக் கண்டுகொண்டு, "ஏம்மா, ஒனக்கு அந்தப் பொண்ணத் தெரியுமா?" என்கிறார். எண்பது முகமும் என் பக்கம். இரண்டு மணி நேரமாக அடுக்கி வைத்த வாதங்களைத் தொடவில்லை. அந்த அம்மாவின் இலையும் பஸ் நிறுத்தமும் நாக்கு நுனிவரை வருகின்றன. அதை இந்த அரங்கத்துக்குத் தரமாட்டேன். மீதி இருப்பது அது ஒன்றுதான். எழுந்து நிற்கிறேன், என்னிடம் மைக் இல்லை, இருந்தாலும் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும்.

"தெரியும் ஐயா. அவ மாட்டேன்னுட்டா."